பந்தை வெளியே விடாதவன்

நான் பெரிய கோல் கீப்பர் என்று சேலத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தக் காலத்து ஆட்கள் யாராவது கடைவீதியில் என்னைப் பார்த்துவிட்டால் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைத் தாண்டி ஒரு பந்து போயிருக்குமா?" என்று ஆரம்பிப்பார்கள். நானும் மறுத்துப் பேசுவதில்லை. புகழ்ச்சி யாருக்குக் கசக்கும்? ஆனால் உள்ளதைச் சொல்வதானால், என்னைத் தாண்டிப் பந்து போகாததற்குக் காரணம் என்வரைக்கும் பந்து வராததுதான். எனக்கு முன்னால் நின்ற பேக், அதாவது கோலைக் காக்க நிற்கிற ஆட்டக்காரன், அதை வர விட்டதில்லை. சில ஆட்டங்களில் கம்பத்தில் சாய்ந்துகொண்டு ஈ ஓட்டியதைத் தவிர வேறு எதுவும் செய்ததாக எனக்கு நினைவில்லை.

அவன் கொல்லிமலைக்காரன். ஆலத்தூர் நாட்டில் (மலையில் ஊர்த் தொகுதிக்கு நாடு என்று பெயர்) சாமையும் கேழ்வரகும் விதைக்கிற குடும்பம். வயதில் எனக்கு இளையவன் என்பதால் 'அவன்' என்று எழுதிக்கொண்டு போகிறேன். ஆட்டத்தை வைத்துப் பார்த்தால் எழுந்து நின்று 'அவர்' என்று சொல்ல வேண்டும்.

எனக்கு ஊர் மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சி. சேலத்தில் ஒரு நூல் மில்லில் வேலை என்று பெயர். உண்மையான வேலை பந்தாட்டம். வெள்ளைக்காரன் காலத்தில் மில்லுக்கு மில் ஓர் அணியை வைத்துத் தீனி போடுவது முதலாளிகளுக்கு ஒரு பெருமையாக இருந்தது. காலையில் மில்லுக்குள் போய் முகத்தைக் காட்டிவிட்டு, மத்தியானத்துக்கு மேல் மைதானத்துக்கு வந்துவிட வேண்டும். மாதம் பிறந்தால் மற்றவர்களைப் போல எங்களுக்கும் சம்பளம். ஜெயித்துக்கொண்டிருக்கும்வரை வேலை நிலைக்கும். எங்களை மேய்க்கும் பொறுப்பு நூற்புப் பிரிவு மாஸ்டருடையது. வாட்டசாட்டமான மனிதர், இளவயதில் தானும் ஆடியவர். அவர் போடுகிற சத்தம் மில் சங்குக்கு ஒரு படிதான் குறைவு.

ஒரு வைகாசியில் என் தங்கையின் கல்யாணத்துக்கு வாழைத்தார் பேசிவரச் சொல்லி வீட்டில் என்னை மலைக்கு அனுப்பினார்கள். அப்போது மலைக்கு ரோடு கிடையாது. ஒற்றையடிப் பாதையில் நெஞ்சு காயக் காய ஏறித்தான் போக வேண்டும். தார் பேசி முடிக்கும்போது பொழுது சாயத் தொடங்கிவிட்டது. "இன்னிக்கு இங்கயே தங்கிட்டு நாளைக்குப் போலாமுங்க" என்றார் தோட்டக்காரர். சரியென்று உட்கார்ந்தேன். மந்தைப் பக்கம் ஆட்கள் கூடிப் பேசுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் பந்தாட்டம்.

காட்டிலாகா ரேஞ்சர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன தோல் பந்து அது. கிழிந்த இடங்களில் மாட்டுத்தோல் வைத்துத் தைத்திருந்தார்கள். மந்தை என்பது மாடுகள் கூடுகிற பொது இடம், மலையில் காண்பதற்கு அரிதான சமதரை. அதன் ஒரு பக்கம் வீடுகள். மறுபக்கம் விளிம்பு. விளிம்புக்குக் கீழே உண்ணிப் புதரும் பாறையுமாக ஓடைவரை சரிந்து இறங்கும் பள்ளம். பந்து அந்தப் பக்கம் போனால் ஓடையில் போய்த்தான் நிற்கும். கரடி நடமாட்டம் வேறு. ஆகையால் அவர்களுடைய ஆட்டத்தில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். "உட்டவன் எடுக்கோணும்." யார் காலிலிருந்து பந்து வெளியே போகிறதோ அவன்தான் இறங்கிப் போய் எடுத்துவர வேண்டும், அவனுக்குப் பதிலாக வேறு யாரும் போகக் கூடாது. அவன் வரும்வரை மற்றவர்கள் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இந்தச் சட்டத்தால் அவர்கள் ஆட்டமே வேறு மாதிரி ஆகியிருந்தது. ஒருவனும் ஓங்கி உதைக்கவில்லை. ஒருவர் இடுப்பிலிருந்து இன்னொருவர் இடுப்புக்குக் கைக்குழந்தையை மாற்றுவது போல, காலிலிருந்து காலுக்குப் பந்தை மாற்றிக்கொண்டிருந்தார்கள். எதிராளி மோத வந்தாலும் பந்தைத் தள்ளிவிட்டுத் தப்பிக்க முடியாது. எப்படியாவது அதை வைத்துக்கொண்டு வெளியே வர வேண்டும்.

விளிம்போரமாக நின்றவன் அவன். அந்த இடத்தில் நிற்க மற்றவர்களுக்குப் பயமாம். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, வருகிறவனுடைய இடுப்பையே பார்த்தபடி நின்றான். பாயவில்லை, ஓடவும் இல்லை. வருகிறவன் எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவுசெய்கிற அந்த நொடியில் பாதத்தின் உள்பக்கத்தால் பந்தை எடுத்துக்கொண்டு எதிர்த் திசையில் நடந்துவிட்டான். ஆமாம், நடந்துதான் போனான். எனக்குக் கால் துறுதுறுத்தது. நானும் ஆடுகிறேன் என்று இறங்கினேன். மில் அணிக்காரன் என்கிற மிதப்பு வேறு. பந்தை எடுத்துக்கொண்டு அவனை நோக்கிப் போனேன். அவனைத் தாண்டி ஓடிக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் என் காலில் பந்து இல்லை என்பது தெரிந்தது. மலைக்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள், வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள்.

மறுநாள் அவனுடைய தகப்பனாரைப் போய்ப் பார்த்தேன். மில்லில் பந்தாடினால் சம்பளம் தருவார்கள் என்று சொன்னேன். அவருக்கு அது விளங்கவில்லை.

"ஒதைக்கறதுக்கு ஆரு சாமி சம்பளம் தாராங்க?"

"மில்லுக்காரங்க தாராங்க."

"அந்தப் பந்துக்குள்ள என்னங்க இருக்குது?"

"காத்துங்க."

"காத்தை ஒதைக்கறதுக்குச் சம்பளமா?" என்று அவர் இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த நிற்பிலேயே அவருக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். "வெதப்புக்கும் அறுப்புக்கும் வந்துரோணும். நடுவுல நீங்க எதைய வேணும்னாலும் ஒதைச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டார்.

மலையிறங்கி அடிவாரம் தெரிந்ததும் கேட்டான். "ஏனுங்ணா, அங்க தரை சமமா இருக்குமுங்களா?"

"கோலிக்குண்டை வச்சா உருளாது."

"தெனமும் ஆடலாமுங்களா?"

"ஆடித்தான் தீரணும். அதுக்குத்தான் சோறு போடறாங்க."

கொஞ்ச தூரம் நடந்தபின் தானாகச் சிரித்துக்கொண்டான். வேறு ஒன்றும் அவன் கேட்கவில்லை. சாப்பாடு எப்படி, தங்குவது எங்கே, எதுவும் கேட்கவில்லை. பந்தாட்டத்தை அவ்வளவு ஆசையாக விரும்பிய ஒருவனை அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

மில்லுக்கு வந்த முதல் நாளே ஒரு வேடிக்கை. எங்கள் சமையல்காரர் பாலக்காட்டுப் பக்கத்து மனிதர். யார் நீ என்று கேட்டிருக்கிறார். கொல்லிமலை ஜனங்கள் மலைவாசி என்கிற அர்த்தத்தில் தங்களை மலையாளி என்றுதான் சொல்லிக்கொள்வார்கள், இவனும் "மலையாளிங்க" என்றிருக்கிறான். சமையல்காரர் முகம் மலர்ந்து தன் பாஷையில் மளமளவென்று பேச, இவனுக்கு 'நாடு' என்கிற ஒரு சொல்தான் பிடிபட்டிருக்கிறது. "ஆலத்தூர் நாடுங்க" என்று பதில் சொன்னான். சமையல்காரருடைய ஊருக்குப் பக்கத்திலும் ஓர் ஆலத்தூர் உண்டாம். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. விஷயம் தெளிவாகும்வரை இவனுடைய தட்டில் மட்டும் தேங்காயும் பப்படமும் விழுந்துகொண்டிருந்தன. தெளிவான பிறகும் அவர் நிறுத்தவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முதல் ஆட்டத்தில் நடந்தது அவ்வளவு வேடிக்கை இல்லை. எங்கள் மைதானத்தில் பேக் பந்தை எடுத்துவிட்டால் எல்லோரும் "உடு, உடு" என்று கத்துவோம். ஓங்கி ஓர் உதை விடு என்பதன் சுருக்கம். அவனுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் வேறு. மலையில் பந்தை உட்டான் என்றால் கைநழுவ விட்டான் என்று பொருள். கோலுக்கு மிக அருகில் எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பூப்போல எடுத்துவிட்டான். நாங்கள் அத்தனை பேரும் "உடு, உடு" என்று கூச்சல் போட்டோம். அவன் திகைத்துப்போய் என்னைத் திரும்பிப் பார்த்தான். நானும் "உடு" என்றேன். சரி, பெரியவர்கள் சொல்கிறார்கள் என்று காலை எடுத்துக்கொண்டு மரியாதையாக ஒதுங்கி நின்றான். எதிரணிக்காரனுக்கே ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் கோல் அடித்துவிட்டான்.

"ஏன்டா உட்டே?" என்று மாஸ்டர் ஓடி வந்தார்.

"நீங்கதானுங்க உடச் சொன்னீங்க" என்றான் அவன். அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதனால் மாஸ்டருக்குக் கோபம் இரட்டிப்பானது. அன்றுமுதல் மைதானத்தில் அந்தச் சொல்லுக்குத் தடை. 'அடி' என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

சொல்லை மாற்றினார்களே ஒழிய அவனை மாற்ற முடியவில்லை. அடி என்றாலும் அவன் அடிக்க மாட்டான். பந்தை எடுப்பான், திரும்புவான், கூட்டத்துக்கு நடுவில் ஒரு சந்து கண்டுபிடிப்பான், எங்கள் ஆளின் காலடியில் கொண்டுபோய் வைப்பான். ஆடிக் களைத்து உட்கார்ந்திருக்கும்போது ஒருநாள் கேட்டேன், ஏன் தம்பி தூக்கி அடித்தால் என்ன என்று. "நம்ம கைக்கு வந்ததை எதுக்குங்ணா வெளிய தள்ளோணும்?" என்றான்.

ஒருமுறை பட்டாளத்து வெள்ளைக்காரர்களோடு ஆட்டம். அவர்கள் காலில் பூட்ஸ், எங்கள் காலில் சொந்தத் தோல்தான். அவர்களுடைய சென்டர் ஃபார்வர்டு கதவு மாதிரி ஒரு ஆள். அவன் ஓடி வந்தால் நான் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொள்வேன். இவன் அவனோடு ஒருமுறைகூட மோதவில்லை, அந்தப் பூட்ஸுக்கு அடியில் ஒருமுறைகூடக் கால் வைக்கவில்லை. அவன் வரும் வழியில் போய் நிற்பான். அந்த ஆள் வந்து சேரும்போது பந்து இவனிடம் இருக்கும். கடைசியில் அந்த வெள்ளைக்காரன் தானாகவே தடுக்கி விழுந்து, உட்கார்ந்தபடியே இவனைப் பார்த்துக் கை தட்டினான். அன்றைக்குத்தான் இவன் எப்பேர்ப்பட்டவன் என்பது எனக்கு முழுதாக உறைத்தது. என் ஊருக்கு மேலே இருக்கிற மலையிலிருந்து வந்தவன் என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். மலை என்னவோ நான் கட்டியது மாதிரி.

மாஸ்டருக்கு மட்டும் நிம்மதி இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். சொந்தக் கோலுக்கு முன்னால் பந்தை வைத்துக்கொண்டு ஒருவன் சாவகாசமாகத் திரும்பினால் எந்த மாஸ்டருக்கும் ரத்தம் கொதிக்கத்தான் செய்யும். ஒருநாள் பந்து நழுவினால் முதலாளியிடம் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே. கடைசியில் ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். "அடுத்த ஆட்டத்துல பந்தைத் தூக்கி அடிச்சு வெளியேத்தணும். இல்லைன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு மலைக்கே போயிரு." அவன் முகத்தில் ஈயாடவில்லை. அந்த வாரம் முழுக்க அவன் சரியாகச் சாப்பிடவில்லை. சமையல்காரர் என்னிடம் வந்து சண்டை போட்டார்.

அந்த ஆட்டமும் வந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடியப்போகிற நேரத்தில் எங்கள் கோலுக்கு முன்னால் ஒரே நெரிசல். பந்து அவன் காலுக்கு வந்தது. "அடிடா" என்று மாஸ்டர் கத்தியது மில்லுக்கே கேட்டிருக்கும். அவன் கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். மலையேறி மலையிறங்கிய கால் அல்லவா, பந்து மூங்கில் தடுப்பைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, எங்கேயோ போயிற்று. கூட்டம் கை தட்டியது. மாஸ்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அடுத்த நொடி அவன் ஓடத் தொடங்கினான். எல்லைக் கோட்டைத் தாண்டி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, வாசல் வழியாக ரோட்டுக்கு ஓடினான். பந்தை எடுக்கப் போகிறான் என்று முதலில் புரிந்தது எனக்குத்தான். தொண்டை கிழியக் கத்தினேன், கேட்கவில்லை. அவன் அதுவரை ஒரு பந்தைக்கூட வெளியே அடித்ததில்லை. ஆகவே நீ எடுக்கப் போக வேண்டியதில்லை என்று அவனிடம் சொல்ல எங்கள் யாருக்கும் சந்தர்ப்பமே வரவில்லை. மற்றவர்கள் அடித்துவிட்டுச் சும்மா நிற்பதை அவன் பார்த்திருக்கிறான்தான். அதை அவர்களுடைய மரியாதைக் குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது.

ரெஃப்ரி வேறு பந்தை வாங்கி எதிரணியிடம் கொடுத்தார். அவர்கள் பக்கக் கோட்டிலிருந்து உள்ளே எறிந்தார்கள். அவன் நின்றிருக்க வேண்டிய இடத்தில் யாரும் இல்லை. அந்த வழியாகவே வந்து கோல் அடித்துவிட்டுப் போனார்கள். நான் விழுந்த வேகத்தில் முழங்கை தேய்ந்ததுதான் மிச்சம். ஆட்டம் முடிந்து நாங்கள் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்கும்போது, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, அக்குளில் பந்தோடு அவன் வந்து சேர்ந்தான். "எடுத்துட்டு வந்துட்டனுங்க" என்றான்.

மாஸ்டர் அந்த இடத்திலேயே விரட்டிவிட்டார். அவன் அழவில்லை. மில் கொடுத்த பனியனைத் துவைத்துக் காயவைத்து மடித்து என்னிடம் கொடுத்தான். பஸ் ஏறும்போது, "நான் என்னுங்ணா தப்புப் பண்ணுனேன்?" என்று மட்டும் கேட்டான். விளக்கிச் சொன்னேன். புரிந்தது என்று தலையாட்டினான். புரிந்ததாகத் தெரியவில்லை.

அதற்கப்புறம் எங்கள் பாடு திண்டாட்டம். நான் எப்பேர்ப்பட்ட கோல் கீப்பர் என்பது ஊருக்கே தெரியவந்தது. வந்த பந்தெல்லாம் உள்ளே போயிற்று. முதலாளி ஒருநாள் மாஸ்டரைக் கூப்பிட்டு, "அந்த மலைக்காரப் பையன் எங்கே?" என்று கேட்டார். விரட்டிவிட்டேன் என்று சொல்ல மாஸ்டருக்கு வாய் வரவில்லை. ஊருக்குப் போயிருக்கிறான் என்று மென்று விழுங்கியிருக்கிறார். அந்த வாரமே எங்களில் சிலரைக் கூட்டிக்கொண்டு கொல்லிமலைக்குப் புறப்பட்டார். மலையேறும் வழியெல்லாம் அவர் வாயிலிருந்து வந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. பாதியை மலை வாங்கிக்கொண்டது, மீதியை நான்.

தகப்பனார் எங்களை உட்காரவைத்துத் தண்ணீரும் பலாச்சுளையும் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். "வெரட்டிப்போட்டு மறுக்காவும் கூப்படறீங்க. சரிங்க. நாளைக்கு மறுக்கா வெரட்டுனா? எத்தனை தடவை எம் பையன் மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு இந்த மலை ஏறி வாரது?"

மாஸ்டர் அவனைப் பார்த்தார். அவன் கதவோரம் நின்றிருந்தான். வர வேண்டும் என்கிற ஆசை அவன் உடம்பு முழுக்கத் தெரிந்தது. ஆனால் சொன்னது வேறு. "வாரனுங்க. ஆனாப் பந்தை அடிச்சு வெளிய தள்ளறதுக்கு என்னால ஆகாதுங்க. அப்படித்தான் ஆடோணும்னா நான் இங்கயே ஆடிக்கிறேன்." சமதரை மைதானத்தையும் தினசரி ஆட்டத்தையும் சேர்த்து அவன் தூக்கி எறிகிறான் என்பது எனக்குத் தெரியும். அவன் மேல் எனக்கு அதுவரை இருந்தது பிரியம். மதிப்பு என்பது அந்த நிமிஷத்தில் வந்தது.

மாஸ்டர் விறைத்துக்கொண்டு எழுந்தார். "எனக்கே பந்தாட்டம் சொல்லித் தாரியா?" என்று கிளம்பப் போனவரைத் தகப்பனார்தான் நிறுத்தினார். "வந்ததே வந்தீங்க, பையங்களோட ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போங்க" என்றார். ஆட்டம் என்று சொன்னால் மாஸ்டருக்கு மறுக்கத் தெரியாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மந்தைக்கு வந்தார். பேக்காகத்தான் நிற்பேன் என்றார். விளிம்போரம் நிற்கவைத்தார்கள்.

முதல் பந்து அவரிடம் வந்தது. வருஷக்கணக்கான பழக்கம், ஓங்கி ஓர் உதை. பந்து வானத்தைப் பார்த்துப் போய், மெதுவாகத் திரும்பி, பள்ளத்தில் இறங்கியது. உண்ணிப் புதரில் அது விழுந்து விழுந்து போகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. மலைக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்து வெற்றிலைப் பையைப் பிரித்தார்கள்.

"என்னய்யா உக்காந்துட்டாங்க?" என்றார் மாஸ்டர்.

"உட்டவங்கதான் எடுக்கோணுமுங்க" என்றான் அவன். சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

எங்கள் ஹாஃப் பேக் ஒருவன் மாஸ்டருக்கு நல்ல பெயர் எடுக்கிற அவசரத்தில் பள்ளத்துக்கு ஓடினான். மலைக்காரர் ஒருவர் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "நீங்க உடலீங்களே" என்றார். மாஸ்டர் பள்ளத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். அன்றைக்கு மைதானத்தைவிட்டு அவன் ஏன் ஓடினான் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

வெகுநேரம் ஆயிற்று. முழங்கால்வரை ஈரமும் கையெல்லாம் முள் கீறலுமாக, அக்குளில் பந்தோடு ஏறி வந்தார். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் வெற்றிலை மடித்துக் கொடுத்தார். ஆட்டம் தொடர்ந்தது. மறுபடி அவரிடம் பந்து வந்தது. வலது கால் தானாகப் பின்னால் போனது. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் கால் அப்படியே நின்றது, பிறகு இறங்கியது. உள்பாதத்தால் பந்தை மெல்ல ஒதுக்கிப் பக்கத்தில் நின்றவனுக்குத் தள்ளினார். அப்புறம் தன்னையே நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சாமைச் சோறு சாப்பிடும்போது, "இனி இவனை யாரும் அடின்னு சொல்லக் கூடாது. நானும் சொல்ல மாட்டேன்" என்றார். அவன் விதைப்பு முடித்துவிட்டு வருவதாகச் சொன்னான்.

நான் நம்பவில்லை. மலைமேல் சொன்ன சொல், ஈரக் காற்றும் வயிறு நிறையச் சோறும் சொல்லவைத்த சொல். சமவெளிக்கு வந்ததும் முதலாளி இருக்கிறார், கூட்டம் இருக்கிறது, தோல்வி இருக்கிறது. அவன் தகப்பனாரும் நம்பவில்லை என்றே நினைக்கிறேன். எங்களை வழியனுப்பும்போது என்னிடம் மட்டும், "பாத்துக்கங்க சாமி" என்றார்.

அவன் பிற்பாடு வெகுகாலம் ஆடினான். மெட்ராஸ் வரைக்கும் போனான், பெரிய பெரிய அணிகள் அவனுக்கு ஆள் அனுப்பின. அதையெல்லாம் எழுதினால் இது முடியாது. எனக்கு முக்கியம், அவன் திரும்பிவந்து ஆடிய முதல் ஆட்டம்தான்.

எங்கள் சொந்த மைதானம். முதலாளி குடும்பத்தோடு வந்திருந்தார். மண் தெரியாத கூட்டம். அவன் பந்தை எடுத்தான், திரும்பினான், கொண்டுபோய்க் கொடுத்தான். கூட்டம் "அடி, அடி" என்று அலறியது. மாஸ்டர் மட்டும் துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டு நின்றார். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது கோலிலிருந்தே எனக்குத் தெரிந்தது. தூறல் பிடித்தது. புல் வழுக்கத் தொடங்கியது. ஆட்டத்தின் பின்பாதியில், என் கோலுக்கு நேர் முன்னால், பந்தோடு அவன் திரும்பும்போது ஊன்றிய கால் சறுக்கிவிட்டது. எதிராளி பந்தைத் தட்டிக்கொண்டு வந்தான். நான் பாய்ந்தேன். என் விரல் நுனிக்கு அப்பால் அது போய்விட்டது. அந்த ஒரு கோலில் தோற்றோம்.

விசில் ஊதியதும் யாரும் நகரவில்லை. எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். அவன் விழுந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். பனியனைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறவன் மாதிரி அதன் ஓரத்தைப் பிடித்திருந்தான். நான் ஓடிப்போய் அவன் பக்கத்தில் நின்றேன். அவனை விரட்டினால் நானும் போகிறேன் என்று சொல்ல வாய் தயாராக இருந்தது, சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம். மாஸ்டர் துண்டை வாயிலிருந்து எடுத்துக்கொண்டு நேரே எங்களிடம் வந்தார். முதலாளி இருந்த பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கெழமை ஈரோட்டுல ஆட்டம்" என்றார் அவனிடம். "காலைல மொத ரயிலு. தூங்கிப் போயிராதே." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ என்னய்யா, பந்து போயி ஊட்டுக்குச் சேந்தப்புறம் விழுகறே?" என்று திட்டிவிட்டு மழையில் நடந்து போனார்.

அவன் ஈரப் புல்லில் உட்கார்ந்தான். பனியனை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். விரட்டியபோது அழாதவன், மலைமேல் கேட்டபோது கண் கலங்காதவன். நானும் முகத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றேன். மழை பெய்ததால் தப்பித்தேன். வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான்.

"ஏனுங்ணா, ஞாயித்துக்கெழமைன்னு என்னையத்தானுங்க சொன்னாரு?"

"உன்னையத்தான், தம்பி" என்றேன்.